துரைப்பாக்கத்தில் உள்வாடகை வீடு: எடுக்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. சென்னையில் ஓஎம்ஆர், அதாவது ராஜீவ் காந்தி சாலைப் பக்கம் ஃபிளாட்டுகளை உரிமையாளர்களிடம் மொத்தமாக வாடகைக்கு எடுத்து, கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் போட்டு, நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு மறுபடி வாடகைக்கு, அதாவது உள்வாடகைக்கு விடுகிற நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன இல்லையா, அப்படி ஒன்றின் வீட்டில்தான் நானும் என் சித்தி மகளும் துரைப்பாக்கத்தில் குடியிருக்கிறோம். வீடு நன்றாக இருக்கிறது. பராமரிப்பு சுமார். கணக்கு வழக்கில் கொஞ்சம் இழுபறி. இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயம். ஆனால் உள்வாடகைக்கு விட வீட்டு உரிமையாளர் எழுத்தில் கொடுத்த சம்மதத்தைக் கண்ணால் பார்க்காமல் இந்த மாதிரி வீட்டுக்குள் ஒரு பெட்டியைக்கூட இறக்காதீர்கள். இந்த வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வைஃபை வேகத்தையும் சாப்பாட்டையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். அடியில் கிடக்கிற அந்த ஒரு காகிதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகிற குறைகள் இந்தத் தொழிலில் பலரிடமும் இருப்பவை, நல்லதும் அப்படித்தான். பெயரைப் போட்டால் அந்த ஒருவரைத் தவிர்த்துவிட்டு அதே நிலைமையில் இருக்கிற இன்னொருவரிடம் போய் நிற்பீர்கள்.

இப்படி ஒரு வீட்டுக்கு ஏன் போக வேண்டியிருக்கிறது என்று சென்னையில் தனியாக வீடு தேடிய பெண்களுக்கும் பேச்சிலர் பையன்களுக்கும் சொல்லத் தேவையில்லை. "ஃபேமிலிக்கு மட்டும்", "வெஜிடேரியன் மட்டும்" என்று போர்டிலேயே எழுதியிருப்பார்கள், எழுதாதவர்கள் போனில் கேட்பார்கள். எந்த ஊர், என்ன ஆளுங்க, கல்யாணம் ஆகிவிட்டதா, நைட் ஷிஃப்ட் உண்டா, யார் யாரெல்லாம் வந்து போவார்கள். அதையெல்லாம் தாண்டினால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வீட்டுக்காரருக்கு ஐந்து ஆறு மாத அட்வான்ஸ், காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகை பிடித்தம். ஒரு காலத்தில் பத்து மாத அட்வான்ஸ் சாதாரணமாக இருந்த ஊர் இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவ்வளவு பணத்துக்கு யார் எங்கே போவது? இந்த நிறுவனங்கள் இரண்டு மாத அட்வான்ஸில் சாவியைக் கொடுத்துவிடுகின்றன, சாதி மதம் எதுவும் கேட்பதில்லை, மீன் குழம்பு வைத்தால் யாரும் கதவைத் தட்டுவதில்லை. இதற்காகவே என் மதிப்பெண்ணில் ஒரு முழு நட்சத்திரம் போட்டிருக்கிறேன், அதைக் குறைக்கப் போவதில்லை.

சரி, இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். உரிமையாளர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். நிறுவனம் அவரிடம் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துவிடும், வீடு காலியாகக் கிடந்தாலும் கொடுக்கும். அதே வீட்டை அறை அறையாகவோ முழுசாகவோ நமக்கு அதிக வாடகைக்கு விடும். நடுவில் நிற்கிற வித்தியாசம்தான் அவர்கள் வருமானம், அதில்தான் சாமான், ஆள், பராமரிப்பு எல்லாம். ஆக இங்கே இருப்பது இரண்டு ஒப்பந்தம். ஒன்று உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும், இன்னொன்று நிறுவனத்துக்கும் நமக்கும். உரிமையாளருக்கும் நமக்கும் நடுவில் எதுவுமே கிடையாது. முதல் ஒப்பந்தம் கெட்டுப்போனால் இரண்டாவதை வைத்துக்கொண்டு நாம் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு, நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எங்களுக்கு முதலில் நீட்டிய தாளில் வாடகை ஒப்பந்தம் என்றே இல்லை, "லீவ் அண்ட் லைசென்ஸ்" என்று இருந்தது. வாடகைதாரர் என்றால் அந்த இடத்தின் மேல் சட்டம் ஒத்துக்கொள்கிற ஓர் உரிமை வருகிறது. லைசென்ஸ் என்றால் அங்கே இருந்துகொள்ள அனுமதி மட்டும்தான், இடத்தின் மேல் உரிமை எதுவும் வராது, 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் தொட்டு அப்படித்தான். பல நிறுவனங்கள் தங்கள் வசதிக்காக லைசென்ஸாகவே எழுதுகின்றன. அறையை மட்டும் எடுக்கிறவர்களுக்கு அதை மாற்றித் தர மாட்டார்கள், ஹாஸ்டல் மாதிரிதான் நடத்துவார்கள். நாங்கள் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை முழுசாக எடுத்ததால் வாடகை ஒப்பந்தமாகவே வேண்டும் என்று கேட்டோம், கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கிற விஷயம் இது, கேட்காதவர்களுக்கு அச்சடித்து வைத்திருப்பதைத்தான் நீட்டுவார்கள்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி, மெயின் ரோட்டிலிருந்து நடக்கிற தூரம். மெட்ரோ வேலை நடப்பதால் ராஜீவ் காந்தி சாலையில் தூசிக்குக் குறைவில்லை, பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் தரையில் கால் தடம் பதியும். கட்டில்கள் உறுதி, மெத்தை சுமார் ரகம், முதுகுவலி இருப்பவர்கள் சொந்த மெத்தை கொண்டுவருவது நல்லது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டும் பழசு, ஆனால் ஓடுகின்றன. சமையலறை முழுசாக இருக்கிறது, கேஸ் அடுப்பு கொடுத்திருக்கிறார்கள். அறை மட்டும் எடுக்கிறவர்களுக்கு இண்டக்‌ஷன் அடுப்புதான் என்று சொன்னார்கள். சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

தண்ணீர்தான் இந்தப் பக்கத்தில் வீட்டின் தலையெழுத்து. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் ஓஎம்ஆர் கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் கட்டடத்துக்கு போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். லாரி வந்தால் விடியற்காலையில் குழாயைச் சம்பில் இறக்குகிற சத்தத்திலேயே எழுந்துவிடலாம், வாட்ச்மேன் அண்ணா பக்கத்திலேயே நின்று முழுசாக இறங்குகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். வாடகையிலேயே தண்ணீர் அடக்கம் என்று நிறுவனம் சொன்னது, அதன்படியே நடக்கிறது. கோடையில் தனியாகக் காசு கேட்பார்களோ என்று பயந்தோம், கேட்கவில்லை. இது பெரிய விஷயம், ஏனென்றால் இதே தெருவில் நேரடியாக வாடகைக்கு இருக்கிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் மெயின்டனன்ஸோடு சேர்த்து லாரிக்காசும் கொடுக்கிறார்கள்.

கரண்ட் கணக்கில்தான் எனக்கு மனத்தாங்கல். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறது, வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் கூடக்கூட விலை ஏறும். நிறுவனமோ மாதா மாதம் மீட்டரைப் படம் பிடித்து யூனிட்டுக்கு ஒரே விலை போட்டு வசூலித்தது. அந்த இலவச 100 யூனிட் எங்கே போனது என்று கேட்டால் "கம்பெனி பாலிசி மேடம்" என்பதுதான் பதில். எங்கள் ஃபிளாட்டுக்குத் தனி இ.பி. இணைப்பு இருக்கிறது, சப் மீட்டர்கூட இல்லை. அதனால் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, மின்வாரிய பில்லையே நாங்கள் நேரடியாகக் கட்டிவிட்டு ரசீதை அனுப்புகிறோம் என்று எழுதிக் கேட்டோம். இழுத்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். முழு ஃபிளாட் எடுக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே இதை ஒரு வரியாக ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். ஏசி போடுகிற மாதங்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பராமரிப்புக்கு ஆப் இருக்கிறது. புகார் போட்டால் உடனே நம்பர் வந்துவிடும், ஆள் வருவதற்குத்தான் நாளாகும். கீசர் கெட்டபோது ஆப்பில் "முடிந்தது" என்று காட்டியது, ஆள் வரவே இல்லை, மறுபடி திறந்தோம், மறுபடி "முடிந்தது". அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் தம்பியை நேரில் பிடித்த பிறகுதான் வேலை நடந்தது. பாவம், அவர் ஒருவரே பெருங்குடியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை பைக்கில் சுற்றுகிறார், ஆப்பை எழுதியவர்களுக்கு அது தெரியாது போலிருக்கிறது. வீடு பெருக்கித் துடைக்கிற அக்கா மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. அவருக்கு நிறுவனம் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிறதா என்று கேட்டேன், கொடுக்கிறார்கள் என்றார், அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். நாங்கள் குடிவந்த பிறகு எங்கள் மேல் மாடியில் நடந்தது. அந்த ஃபிளாட் எங்கள் நிறுவனத்துடையது இல்லை. யாரோ ஒருவர் குடும்பத்தோடு இருக்கப்போவதாகச் சொல்லி உரிமையாளரிடம் வாடகைக்கு எடுத்து, ஒரு பெட்டுக்கு இவ்வளவு என்று நான்கு பையன்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். உரிமையாளர் கோவையில் இருக்கிறவர், வயதானவர். வீட்டை விற்கலாமா என்று பார்க்க மகனோடு வந்து காலிங் பெல்லை அடித்திருக்கிறார். கதவு திறந்தது, நாங்கள் அப்போது படியில் ஏறிக்கொண்டிருந்தோம், பேச்சு முழுசாகக் கேட்டது.

"நீங்க யாருப்பா?"

"நாங்க இங்கதான் குடியிருக்கோம் சார். நீங்க யாரைப் பார்க்கணும்?"

"யாரையும் பார்க்க வரல. இது என் வீடு."

அந்தப் பையன் ஓடிப்போய்ப் போனைக் கொண்டுவந்து ஜிபேயில் பணம் அனுப்பியதை ஒவ்வொன்றாகக் காட்டினான். மாதாமாதம் ஒழுங்காக அனுப்பியிருக்கிறான். பெரியவரும் பார்த்தார். அவருக்கோ பல மாதமாக வாடகையே வரவில்லையாம், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அந்த ஆளின் போன் ஸ்விட்ச் ஆஃப். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள், பணத்தகராறு, கோர்ட்டுக்குத்தான் போகணும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பெரியவர் கோபக்காரர் இல்லை, மாதம் முடியும் வரை இருந்துவிட்டுப் போங்கள் என்றார். பையன்கள் காலி செய்த அன்று லிஃப்டில் மெத்தையைச் சுருட்டி நிறுத்திக்கொண்டு ஒருவன் நின்றான், விழுப்புரம் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து முதல் வீடு. கொடுத்த அட்வான்ஸ் போனது போனதுதான். அவர்கள் செய்த தப்பு என்ன? வாடகையைத் தவறாமல் கட்டியதா? இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. உரிமையாளருக்கும் நஷ்டம், குடியிருந்தவர்களுக்கும் நஷ்டம், நடுவில் நின்றவன் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே, உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால் வாடகைதாரரை வெளியேற்றலாம் என்று இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துகிற தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் இதே விதிதான். முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்காமல் வீட்டை முழுசாகவோ ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடக் கூடாது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும், அதற்கு tenancy தளம் என்று அரசு ஒன்றை நடத்துகிறது, பதிவு செய்தால் ஒரு எண் கொடுப்பார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது, ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அதற்கு வழி விட்டிருக்கிறது, அந்த வழியில்தான் சென்னையின் ஐந்து மாத, ஆறு மாத அட்வான்ஸ்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. காலி செய்த பிறகு பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளலாம், மேனேஜர்களிடம் பேசும்போது உதவும்.

அதனால் உள்வாடகை என்றாலே ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். சம்மதம் இருந்தால் அது சட்டப்படியான ஏற்பாடு, இல்லாவிட்டால் நீங்கள் படுத்திருக்கிற கட்டில் எந்த நேரமும் வெளியே போகலாம். அந்தச் சம்மதம் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்றே மேனேஜர் தம்பியிடம், உரிமையாளரோடு கம்பெனி போட்ட ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னோம்.

"அதெல்லாம் கம்பெனி டாக்குமென்ட் மேடம், கஸ்டமருக்குக் காட்ட மாட்டோம்."

"வாடகைத் தொகையை மறைச்சிட்டுக் காட்டுங்க தம்பி. உள்வாடகைக்கு விடலாம்னு எழுதியிருக்கிற பக்கம், எந்தத் தேதி வரைக்கும்னு எழுதியிருக்கிற பக்கம், வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கிற பக்கம். மூணு பக்கம் போதும்."

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை மேடம்."

அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன், நிஜமாகவே யாரும் கேட்பதில்லை. மேலிடத்தில் கேட்டுவிட்டுப் பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உள்வாடகைக்கு விட்டுக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார் என்று தனி வரியாகவே இருந்தது. தேதிதான் அதைவிட முக்கியம். முதல் ஒப்பந்தம் எங்கள் பதினோரு மாத ஒப்பந்தத்தைத் தாண்டி ஓடுகிறதா என்று பார்த்தோம், ஓடியது. இதைப் பார்க்காமல் விட்டால், உங்கள் ஒப்பந்தம் பாதியில் இருக்கும்போதே நிறுவனத்தின் குத்தகை முடிந்துவிடும். அப்போது உரிமையாளர் வீட்டைத் திருப்பிக் கேட்பார், நிறுவனம் "வேற பிராப்பர்ட்டிக்கு ஷிஃப்ட் பண்ணித் தர்றோம்" என்று நாவலூரிலோ கேளம்பாக்கத்திலோ ஒரு வீட்டைக் காட்டும். கந்தன்சாவடியில் வேலை பார்க்கிறவர் அங்கிருந்து தினமும் எப்படி வந்து போவது?

கையெழுத்துப் போட்டவர்தான் உரிமையாளரா என்பதையும் பார்த்துவிடுங்கள். சொத்து வரி ரசீதில் பெயர் இருக்கும். ஒக்கியம் துரைப்பாக்கம் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருப்பதால் வரி விவரத்தை மாநகராட்சித் தளத்திலேயே பார்க்கலாம். இ.பி. பில்லில் இருக்கிற பெயரை மட்டும் நம்பாதீர்கள், பல ஃபிளாட்டுகளில் அது இன்னும் பில்டர் பெயரிலேயே கிடக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் தளத்தில் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம், சர்வே எண்ணோ பத்திர எண்ணோ வேண்டும், அதை நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கும். கடைசியாக, உரிமையாளரோடு ஒரு போன் பேச்சு. எங்கள் வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் வீடியோ காலில் பேசினோம். "நல்லா இருங்கம்மா, சுவத்துல ஆணி மட்டும் அதிகம் அடிக்காதீங்க" என்றார். இப்படி ஒரு அழைப்புக்கு நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நான் அந்த வீட்டை எடுத்திருக்க மாட்டேன்.

பெண்களுக்கு மட்டும் என்று அறை அறையாக விடுகிற இடங்களுக்கு இன்னொன்றும் உண்டு. பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். "இது ஹாஸ்டல் இல்ல, கோ-லிவிங்" என்று பெயரை மாற்றிச் சொல்கிறார்கள். சாப்பாடு, வார்டன், இரவு இத்தனை மணிக்குக் கேட் மூடப்படும் என்ற விதி எல்லாம் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினால் ஆயிற்றா? உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது, நம் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

பணக் கணக்கில் மிச்சம் இருக்கிற இரண்டு விஷயம். எங்கள் அலுவலகத் தோழி இதே நிறுவனத்தில் அறை எடுத்திருக்கிறாள். அவள் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி வந்தது. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான தங்குமிடத்துக்கு, தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கினால் ஜிஎஸ்டி கிடையாது, 2024 ஜூலையிலிருந்து இந்தச் சலுகை இருக்கிறது. அதை எடுத்துக் காட்டிக் கேட்டாள், அடுத்த மாத பில்லில் கழித்துக் கொடுத்தார்கள். இன்னொன்று எச்ஆர்ஏ, அதாவது சம்பளத்தில் வருகிற வீட்டு வாடகைப் படிக்கான வரிச்சலுகை. பழைய வரி முறையில் இருக்கிறவர்கள் வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வாடகை வாங்குகிறவரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். நிறுவனம் என்றால் ரசீதும் பான் எண்ணும் தானாகவே வந்துவிடும், இது அவர்களிடம் இருக்கிற நல்ல வசதி. தனி ஆள் ஒருவரிடம் உள்வாடகைக்கு இருந்தால் பான் எண் கேட்ட அன்றோடு பேச்சு நின்றுவிடும். பாஸ்போர்ட் சரிபார்ப்புக்குப் போலீஸ் வந்தாலும் இதே கதைதான், ஒப்பந்தம் யார் பெயரில் என்று கேட்பார்கள்.

தனி ஆள் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐடி கம்பெனிகளில் இது ரொம்ப சகஜம்: "எனக்கு ஆறு மாசம் ஆன்சைட், வீட்டைக் காலி பண்ண மனசில்ல, நீ இருந்துக்கோ, வாடகையை எனக்கே அனுப்பிடு." நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் செய்தால் நண்பரின் குடித்தனத்துக்கே வேட்டு, நீங்களும் தெருவில். ஒரு வாட்ஸ்அப் செய்தியில் வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் சரி என்றால் அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள், கேட்காமல் செய்ததுதான் அவர்களுக்குக் கோபம். அப்படியே வாடகையை நேராக வீட்டுக்காரருக்கு அனுப்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் மேல் மாடியில் நடந்த மாதிரி பணம் நடுவில் நிற்காது.

யாருக்கு இந்த நிறுவன வீடுகள் சரிப்படும்? ஊருக்குப் புதுசாக வந்தவர்கள், ஒன்றிரண்டு வருஷம்தான் இருக்கப் போகிறவர்கள், கையில் அட்வான்ஸுக்குப் பணம் சேராதவர்கள், வீட்டுக்காரர்களின் கேள்விகளால் நொந்துபோனவர்கள், இவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். சாமானோடு குடும்பமாக வருகிறவர்களுக்கு வேண்டாம், இதே வாடகைக்கு நேரடியாகப் பெரிய வீடே கிடைக்கும். சம்பளம் குறைவாக இருக்கிற பெண்கள் அரசின் தோழி விடுதியையும் பாருங்கள், தாம்பரத்தில் 2023இல் திறந்தார்கள், அங்கே இருக்கிற ஒரு தோழி சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்கிறாள். ஓஎம்ஆரில் வேலை என்றால் தாம்பரத்திலிருந்து வந்து போவது சிரமம், அது ஒன்றுதான்.

மதிப்பெண் விவரம் கேட்பவர்களுக்கு: வீடும் தண்ணீரும் நான்கு, பராமரிப்பு இரண்டரை, கரண்ட் கணக்கு இரண்டு, பேசினால் காது கொடுக்கிறார்கள் என்பதற்காக நான்கு. கேட்டதும் அந்த மூன்று பக்கத்தை முதல் நாளே கொடுத்திருந்தால் மொத்தத்தில் இன்னும் அரை நட்சத்திரம் கூட்டியிருப்பேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது, புதுப்பிக்கப் போகிறோம். நிறுவனத்தின் குத்தகை அடுத்த வருஷக் கடைசியில் முடிகிறது, புது ஒப்பந்தத்தில் அந்தத் தேதியையும் உரிமையாளர் சம்மதத்தையும் எழுதிச் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம், குத்தகையை அவர்கள் நீட்டிக்காவிட்டால் இரண்டு மாதம் முன்னாலேயே எழுத்தில் சொல்ல வேண்டும், அட்வான்ஸ் முழுசாகத் திரும்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். மேனேஜர் தம்பி மெயிலை மேலே அனுப்பியிருக்கிறார். பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.